மெழுகுவர்த்தி முதல் வரைபடம் வரை: மருத்துவ இரசாயனம் பயின்ற வரலாறு

சிறுநீரை நோக்கி நோயைத் துணிதல் மிகப் பழைய வழக்கம். தமிழ் மருத்துவர் அதன் நிறத்தையும் மணத்தையும் நுரையையும் ஆராய்ந்தனர். அதன்மேல் எண்ணெய்த் துளியொன்றை விட்டு, அது பரவும் வகையையும் கவனித்தனர். நீர்க்குறி, நெய்க்குறி என இவை வழங்கும். ஐரோப்பிய வைத்தியரும் நெடுங்காலம் கண்ணையும் மூக்கையும், வேண்டியவிடத்து நாவையுமே நம்பியிருந்தனர். லிவர்பூல் நகரத்து மதியூ டொப்சன் 1776இல் வெளியிட்ட கட்டுரையில், நீரிழிவு நோயாளியின் சிறுநீரை வற்றவைத்தபோது எஞ்சிய வெண்கட்டி சர்க்கரைபோல இனித்ததென்றார். குருதிநீரும் இனித்ததென்று அவர் கண்டது இதனினும் பெரிய செய்தி. ஆயினும், அங்கும் தீர்ப்புச் சொன்னது நாவே.

இரசாயனம் நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்ந்தது இலண்டன் கைஸ் வைத்தியசாலையிலாம். உடல் வீங்கி இறந்தோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்ததையும், அவர்தம் சிறுநீர் சூட்டினால் உறைந்ததையும் றிச்சட் பிறைற் என்னும் வைத்தியர் 1827இல் இணைத்துக் காட்டினார். சோதனையோ எளிது. கரண்டியிற் சிறிது சிறுநீரை எடுத்து மெழுகுவர்த்திச் சுவாலையிற் பிடித்தால், அல்புமின் என்னும் புரதம் அவித்த முட்டையின் வெண்கருவைப்போலத் திரளும். சிறுநீரில் அல்புமின் மிக, குருதியில் அது குறைவதை ஜோன் பொஸ்ரொக் என்பார் பகுத்தாராய்ந்து அறிவித்தார். 1842இல் சிறுநீரக நோயாளருக்கென 42 கட்டில்களும், அவற்றையடுத்து ஓர் ஆய்கூடமும் அவ்வைத்தியசாலையில் ஆறு மாதகாலம் ஒதுக்கப்பட்டன. மாணவர் கட்டிலருகே கண்டதை உடனே சோதித்தறியக் கற்றது அங்கேயாம்.

கற்பதில் இடர்ப்பாடு வேறிடத்திலிருந்தது. சூடாக்கிய சிறுநீர் கலங்குவதெல்லாம் அல்புமினால் அன்று. பொசுபேற்றும் வீழ்படிவாகிக் கலங்கச் செய்யும். ஒரு துளி அசற்றிக்கமிலம் இட்டால் பொசுபேற்றுக் கரைந்துவிடும், அல்புமின் கரையாது. அத்துளியை மறந்த மாணவன், நோயில்லாதவரை நோயாளியாக்கிவிடுவான். சர்க்கரைச் சோதனைக்கும் இஃதொக்கும். பேலிங்கின் கரைசல் இரண்டாய் வைத்திருந்து வேண்டும்போது கலக்கப்படுவது. 1908இல் ஸ்ரான்லி பெனடிக்ற் அமைத்த நீலக்கரைசலோ ஒன்றாகவே நெடுநாள் கெடாதிருப்பது. எனவே அது வைத்தியசாலைகளிலும், ஈழத்துப் பாடசாலை ஆய்கூடங்களிலும் இடம்பெற்றது. பச்சை, மஞ்சள், செங்கல்நிறம் என அது மாறுவதைக் கண்டு மகிழாத மாணவர் அரியர். ஆனால், பாலூட்டும் தாயின் சிறுநீரிற் கலந்த பாற்சர்க்கரையும் அந்நிறத்தையே தரும். அவளை நீரிழிவுக்காரியென்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது!

பின்னர், ஒற்ரோ போலினும் வூ சியெனும் 1919இல் வகுத்த முறையால், சிறிதளவு குருதியிலிருந்தே பல பொருள்களை நிறஒப்பீட்டால் அளக்கலாயிற்று. எண்கள் பெருகின, எண்ணின்மேல் நம்பிக்கையும் பெருகியது. அந்நம்பிக்கையை உலுக்கியது பெல்க், சண்டர்மன் என்னும் இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வு. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா வைத்தியசாலைகள் பலவற்றுக்கு ஒரே மாதிரியை அனுப்பிப் பார்த்தனர். ஏற்கத்தகாத விடைகளே ஏற்கத்தக்கவற்றினும் மிகுதியாயிருந்தன! அறியாமையினும் அறிந்ததாக எண்ணிய பிழை கொடிதென்பது அன்று புலனாயிற்று.

தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் கண்காணிக்க ஷூவார்ட் வகுத்த வரைபடத்தை, லீவியும் ஜெனிங்சும் 1950இல் மருத்துவ ஆய்கூடத்துக்குக் கொண்டுவந்தனர். அளவு தெரிந்த மாதிரியொன்றை நாள்தோறும் நோயாளர் மாதிரிகளுடன் சோதித்து, விடையை அவ்வரைபடத்திற் புள்ளியிடுதல் பின்னர் வழக்கமாயிற்று. புள்ளி எல்லையைக் கடந்தால், பிழை கண்டறியப்படும் வரை அன்றைய பெறுபேறுகள் ஆய்கூடத்தை விட்டு வெளியேறா.