மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்

சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய மடக்குக் கத்தியைப் 'பேனாக்கத்தி' என்று அழைக்கிறோம். கத்திக்கும் பேனாவுக்கும் என்ன உறவு? இன்று எந்தப் பேனாவையும் யாரும் கத்தி கொண்டு சீவுவதில்லை. அப்படியிருக்க, இந்தப் பெயர் எப்படி நிலைத்தது? விடை தேடிப் போனால் அது நம்மை லண்டனுக்கும், தமிழ்நாட்டு உருக்கு உலைகளுக்கும், சிங்கப்பூரின் பழைய அலுவலகங்களுக்கும் அழைத்துச் செல்கிறது. அலுவலக மேசைக்கும் பழம் நறுக்குவதற்கும் ஏற்ற, அழகான பழைய பாணிக் கத்தி ஒன்றை வாங்க விரும்புவோர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் அந்த வரலாற்றிலிருந்தே விளங்கும்.

ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் பறவை இறகினால் எழுதினார்கள். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். அதைச் சீவிக் கூராக்கி, நடுவே பிளவு செய்ய ஒரு சிறு கத்தி வேண்டும். அதுவே பேனாக்கத்தி. காகிதத்தில் பிழையாக எழுதிய மையைச் சுரண்டி எடுக்கவும் சிறு கத்திகள் பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் ஆலைகள் எஃகு முள்களை ஏராளமாகச் செய்து குவித்தபோது இறகுப் பேனா மறைந்தது. கத்தி மறையவில்லை. பென்சில் சீவவும், கடித உறை பிரிக்கவும், கட்டிய கயிற்றை அறுக்கவும் அது மேசையிலேயே தங்கிவிட்டது.

எழுதுகிறவனின் கையில் கத்தி இருப்பது நமக்கும் புதிதன்று. தமிழர் ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணியோடு கத்தியும் உடன் இருந்தது. ஓலையின் ஓரத்தை நேராக வார வேண்டும். ஒரே அளவாக நறுக்க வேண்டும். எழுத்தாணியிலே குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பல வகைகள் உண்டு. இவற்றுள் மடக்கெழுத்தாணி நம் கவனத்திற்கு உரியது. ஒரே பிடியில் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் கத்தியும் அமைந்திருக்கும். வேலை முடிந்ததும் இரண்டையும் பிடிக்குள் மடக்கிவிடலாம். தந்தத்தாலும் கொம்பாலும் பிடி போட்டவை இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. 1855-இல் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் இளமையில் ஓலையில் எழுதிப் படித்தவர். 'என் சரித்திரம்' என்ற தம் நூலில் எழுத்தாணி வகைகளை அவர் விவரித்திருக்கிறார். மடக்கெழுத்தாணியைத் தமிழனின் பேனாக்கத்தி என்று சொன்னால் தவறாகாது.

கத்தியின் உயிர் அதன் இரும்பில் இருக்கிறது. அந்த இரும்பின் கதையிலும் நமக்குப் பங்கு உண்டு. தென்னிந்தியாவில் மிகப் பழங்காலம் முதல் ஒரு வகை உயர்ந்த உருக்கு செய்யப்பட்டது. சிறு மண் குகைகளில் இரும்புத் துண்டுகளை இட்டு, காய்ந்த ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் சேர்த்து, வாயை மண்ணால் மூடி, உலையில் நெடுநேரம் ஊதி எரிப்பார்கள். கட்டையிலிருந்தும் இலையிலிருந்தும் வரும் கரி இரும்போடு கலந்து, அதை உருக்காக மாற்றும். சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகள் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரும்புத் தொழிலின் பழமையைக் காட்டியுள்ளன. ஐரோப்பியர் இந்த உருக்கை 'ஊட்ஸ்' என்றனர். அச்சொல் தென்னிந்திய மொழிகளின் 'உக்கு', 'உருக்கு' என்ற சொற்களிலிருந்து திரிந்தது என்பர் அறிஞர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து இந்த உருக்கு லண்டனுக்குச் சென்றது. ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் 1795-இல் இராயல் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். இதைச் சோதிப்பதற்காக அறுவைக் கருவி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் இந்த உருக்கில் செய்து பார்த்தது எது தெரியுமா? ஒரு பேனாக்கத்திதான்! அதன் கூர்மை அவரை வியக்க வைத்தது. பின்னர் அவர் புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து உருக்கு ஆராய்ச்சியில் இறங்கினார். அவர்களுடைய கட்டுரைகள் 1820-லும் 1822-லும் வெளிவந்தன.

இதற்குப் பின் நடந்தது வருந்தத்தக்கது. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். நம் கொல்லர்களின் முறையையும் அவர் கூர்ந்து கவனித்து எழுதினார். பின்பு இங்கிலாந்து சென்று, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெஃபீல்டு நகரத்து உருக்கின் விலை இறங்கியது. ஆலை உருக்கு பெருகப் பெருக, நம் ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. உருக்குக்குப் பெயர் பெற்றிருந்த நாட்டினர், ஷெஃபீல்டு முத்திரை பொறித்த கத்தியைக் காசு கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்தார்கள்.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். இந்நகரின் தமிழர் வரலாறு எழுதுகோலோடும் கணக்கோடும் தொடங்குகிறது என்றே சொல்லலாம். பினாங்கில் அரசாங்க எழுத்தராக இருந்த நாராயண பிள்ளை 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் இங்கு வந்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை 1827-இல் நிறுவியவர் அவரே. பின்னர் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள் எழுந்தன. தரையில் அமர்ந்து, முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் கணக்கு எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர்கள் அரசாங்க அலுவலகங்களில் எழுத்தர்களாகச் சேர்ந்தனர். எழுத்து நடந்த இடமெல்லாம் சீவவும் பிரிக்கவும் அறுக்கவும் வேலை இருந்தது.

ஆனால் கத்திக்கு இன்னொரு முகமும் உண்டு. 1950-களில் இரகசியச் சங்கங்களின் சண்டைகள் சிங்கப்பூர் மக்களை அச்சுறுத்தின. அமிலம், வெடிபொருள், தாக்கும் ஆயுதம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த 1958-இல் ஒரு சட்டம் வந்தது. முறையான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்போருக்குச் சிறையும் பிரம்படியும் அது விதித்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது 'முறையான காரணம்' என்பதை. கத்தி கருவியா, ஆயுதமா என்பது இரும்பைப் பொறுத்ததன்று. அதை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே அழகான கத்தி ஒன்றை வாங்கியவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலையில் உலாவ வேண்டியதில்லை. அது மேசை இழுப்பறையில் இருக்க வேண்டிய பொருள். விமானப் பயணத்தில் கைப்பையில் அதற்கு இடமே இல்லை.

அப்படியானால் எத்தகைய கத்தியைத் தேர்ந்தெடுக்கலாம்? மடக்கெழுத்தாணியே வழி காட்டுகிறது. அது சிறியது, இரண்டு கையாலும் நிதானமாகத் திறக்க வேண்டியது, பார்த்தவுடன் எழுதுகிறவனின் கருவி என்று தெரிவது. மேசைக் கத்தியும் அப்படியே இருக்கட்டும். விரல் நீளத்துக்கு மேல் அலகு வேண்டாம். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகை வேண்டவே வேண்டாம். நகத்தால் இழுத்துத் திறப்பதும், முதுகில் உள்ள வில்லின் பிடிப்பில் நிற்பதுமான பழைய வகையே அலுவலகத்திற்குக் கண்ணியமானது. வாங்கும்போது திறந்து மூடிப் பாருங்கள். அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. மூடியபின் கூர் முழுவதும் பிடிக்குள் மறைய வேண்டும்.

உணவுக்கு என்றால் இரும்பின் வகையைப் பார்க்க வேண்டும். மாங்காய், எலுமிச்சை, அன்னாசி போன்றவற்றின் புளிப்பு சாதாரண உருக்கைக் கறுக்கச் செய்யும். பழத்திலும் இரும்புச் சுவை ஏறும். அதனாலேயே முற்கால ஆங்கிலேயச் செல்வர்கள் வெள்ளி அலகு பொருத்திய பழக்கத்திகளை வைத்திருந்தார்கள். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியபின் அந்தக் கவலை தீர்ந்தது. சிங்கப்பூரின் ஈரக் காற்றில் சாதாரண உருக்கு விரைவில் துருப்பிடிக்கும். தேக்கா சந்தையில் வாங்கி வந்த மாம்பழத்தை மதிய இடைவேளையில் நறுக்க விரும்புவோருக்குத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. உருக்கின் கூர்மையை விரும்புவோர், பயன்படுத்தியவுடன் கழுவித் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வைக்கும் பழக்கத்தையும் மேற்கொள்ள வேண்டும்.

பிடிக்கு மாட்டுக்கொம்பு, எலும்பு, மரம் எல்லாம் அழகுதான். மரம் ஈரத்தில் ஊதும், மூட்டு இறுகிக்கொள்ளும். எனவே பிடியைத் தண்ணீரில் ஊற விடக் கூடாது. இரண்டு அலகுகள் உள்ள கத்தி கிடைத்தால் மிக நன்று. ஒன்று காகிதத்திற்கும் கயிற்றிற்கும், மற்றொன்று உணவுக்கு மட்டும். கடித உறையின் பசை பட்ட அலகு பழத்தைத் தொடக் கூடாது. மழுங்கிய கத்தியை அழுத்திப் பிடிக்கும்போதுதான் கை வழுக்கி விரலை வெட்டிக்கொள்கிறோம். ஆகவே அவ்வப்போது சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வது பாதுகாப்பும் ஆகும்.

நேயர்களே, ஓலை போயிற்று, இறகும் போயிற்று. எழுதுகிறவன் பக்கத்தில் இருந்த சிறு கத்தி மட்டும் பெயர் மாறாமல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் செய்யும் திறமை நம் கொல்லரின் உலைகளில் ஒரு காலத்தில் இருந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். கத்தி வாங்கும்போது முத்திரையையும் பளபளப்பையும் மட்டும் பாராமல், அது செய்யப்போகும் வேலையைப் பார்த்து வாங்குவோம். ஓலை எழுதிய நம் முன்னோர் அதைப் பார்த்தே தங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள்.