டார்வின் வீட்டில் காய்ச்சல்: ஒரு நட்பும் சில கடிதங்களும்

1858 ஜூலை 1. லண்டனில் லின்னேயன் சங்கத்தின் கூட்டம். இயற்கைத் தேர்வு என்ற கொள்கை ஒரு சபையில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது அன்றுதான். அந்தக் கொள்கைக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர், சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும். இருவருமே அன்று அங்கே இல்லை. வாலஸ் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், மலாய்த் தீவுகளில் பூச்சிகளும் பறவைகளும் சேகரித்துக்கொண்டிருந்தார். டார்வின் லண்டனிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், டவுன் என்ற கிராமத்தில்தான் இருந்தார். ஆனால் அன்று அவருடைய கடைசிக் குழந்தையின் அடக்கம்.

அப்படியென்றால் அந்தக் கூட்டத்தை நடத்தி வைத்தது யார்? டார்வினின் இரண்டு நண்பர்கள். ஒருவர் புவியியல் அறிஞர் லயல், இன்னொருவர் கியூ தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த ஜோசப் ஹூக்கர். இந்தக் கட்டுரை ஹூக்கரைப் பற்றியது.

டார்வினுக்கும் ஹூக்கருக்கும் கடிதப் பழக்கம் தொடங்கியது 1843 கடைசியில். ஹூக்கர் அப்போதுதான் தென்துருவக் கடல் பயணத்திலிருந்து திரும்பியிருந்தார், வயது 26. டார்வினோ ஓயாத வயிற்றுக்கோளாறும் வாந்தியுமாக வீட்டோடு கிடந்தவர். நண்பர்களைத் தேடிப் போக உடம்பு இடம் கொடுக்காது. ஆனால் 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் வசதி வந்துவிட்டது. அது டார்வினுக்குப் பெரிய வரம். பழகிய சில வாரங்களிலேயே, 1844 ஜனவரியில், உயிரினங்கள் மாறக்கூடியவை என்று தான் நம்பும் ரகசியத்தை ஹூக்கருக்கு எழுதிவிட்டார். இருவரும் வாழ்நாளில் எழுதிக்கொண்ட கடிதங்களில் சுமார் 1,400 இன்றும் இருக்கின்றன.

இப்போது 1858 ஜூனுக்கு வருவோம். 18ஆம் தேதி டார்வின் லயலுக்கு ஒரு கடிதம் எழுதினார். வாலஸ் அனுப்பிய கட்டுரை வந்து சேர்ந்தது என்றும், தான் இருபது வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த அதே யோசனை அதில் இருக்கிறது என்றும் அதில் சொன்னார். கிட்டத்தட்ட அதே நாட்களில் 14 வயது மகள் ஹென்ரியட்டா டிப்தீரியா போன்ற தொண்டை நோயில் படுத்தாள். அடுத்து ஒன்றரை வயதுக் குழந்தை சார்லஸ் வேரிங்குக்கு ஸ்கார்லெட் காய்ச்சல். ஊரிலும் அதே காய்ச்சலில் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். பென்சிலின் எல்லாம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு. ஜூன் 28 அன்று குழந்தை இறந்துபோனது.

இந்த வீட்டுக்கு யார் வர முடியும்? ஹூக்கருக்கும் சின்னக் குழந்தைகள் உண்டு. தொற்று உள்ள வீட்டுக்குள் ஆள் நுழைய முடியாது, கடிதம் நுழையும்.

ஜூன் 29 அன்று மட்டும் டார்வின் ஹூக்கருக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். காகிதங்கள் உடனே வேண்டும் என்று ஹூக்கர் கேட்டிருந்தார். மனம் ஒடிந்து கிடந்த டார்வின், வாலஸின் கட்டுரையையும், 1857இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்குத் தான் எழுதிய கடிதத்தின் சுருக்கத்தையும் அன்று இரவே வேலையாள் கையில் கொடுத்து கியூவுக்கு அனுப்பினார். கூடவே 1844இல் எழுதிய பழைய கையெழுத்துப் பிரதி. அதன் ஓரங்களில் ஹூக்கரின் கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன. நண்பர் அதை முன்பே படித்தார் என்பதற்கு அதுவே சாட்சி! முன்னுரிமை பற்றிக் கவலைப்படுவதே அற்பம் என்று டார்வினுக்குத் தோன்றியது. முடிவை நண்பர்களிடமே விட்டுவிட்டார். இரண்டே நாளில் எல்லாம் தயாராகி, கூட்டத்தில் வாசிக்கப்பட்டது.

இதில் ஒரு நெருடல் இருக்கிறது. வாலஸின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டுக் கடிதம் போய் பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்பது உண்மைதான், ஆனாலும் கேட்கவில்லை. அக்டோபரில் வாலஸ் எழுதிய பதிலில் வருத்தம் இல்லை, மகிழ்ச்சியே இருந்தது. அது அவருடைய பெருந்தன்மை. நண்பனுக்காகச் செய்யும் காரியம் மூன்றாவது ஆளுக்கு முழு நியாயமாக அமைவதில்லை என்பதையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐந்து வருடம் கழித்து நிலைமை தலைகீழானது. 1863 செப்டம்பர் 28 அன்று ஹூக்கரின் ஆறு வயது மகள் திடீரென்று இறந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் அவர் உட்கார்ந்து எழுதிய கடிதம் டார்வினுக்குத்தான். அப்போது டார்வின் உடல்நிலை மோசமாகி மால்வெர்ன் என்ற ஊரில் சிகிச்சையில் இருந்தார். 1851இல் அவருடைய பத்து வயது மகள் ஆனி இறந்ததும் அதே ஊரில்தான்; அவள் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஹூக்கரின் கடிதத்தைப் படித்தவருக்கு, அதில் உள்ளதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை.

துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். அவர் கையிலிருந்து நழுவும் வேலையை எடுத்துச் செய்யத்தான் ஆள் வேண்டும். நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான் சாப்பாடு வரும். ஹூக்கர் செய்தது கிட்டத்தட்ட அந்த மாதிரிக் காரியம். டார்வின் அடுத்த வருடம், 1859 நவம்பரில், 'உயிரினங்களின் தோற்றம்' நூலை வெளியிட்டார். 1882இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவர் அடக்கமானபோது சவப்பெட்டிக்குத் துணையாக நடந்தவர்களில் இரண்டு பேர் ஹூக்கரும் வாலஸும்.