ஐயனார் முன் ஒரு திரை

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அன்றைய தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள், கோயில்களில் ஆடு, கோழி, எருமை முதலியவற்றைப் பலியிடுவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு ஆணையிட்டார். புதிய சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. சென்னை மாநிலத்தில் 1950-இல் நிறைவேறிய விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டமே தூசு தட்டி எடுக்கப்பட்டது. ஐம்பத்து மூன்றாண்டுகள் அது ஏட்டில் உறங்கிற்று. கருப்பர், முனியாண்டி, காளியம்மன் சன்னிதிகளிலோ கிடாவெட்டு ஓயாது நடந்து வந்தது.

அச்சட்டம் இந்துக் கோயில்களையும் அவற்றின் வளாகங்களையும் மட்டுமே சுட்டியது; நம்முடைய குர்பானியை அது தொடவில்லை. அதனாலேயே இதைக் குறித்து எழுதத் தயங்கினோம். ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடறுப்போர் அயலாரின் கிடாவெட்டைப் பழிக்கப் புகுவது அழகன்று. எனினும் பலியை மறுத்த குரல் புறத்தேயிருந்து வந்ததன்று. அச்சமயத்தாரின் உள்ளிருந்தே எழுந்தது. அவ்வரலாற்றை எடுத்துரைப்பதில் குற்றமில்லை எனக் கருதுகிறோம்.

வேள்வியில் உயிருள்ள ஆட்டுக்கு ஈடாக மாவினாற் செய்த ஆட்டுருவைப் படைக்கலாம் என்றார் பதின்மூன்றாம் நூற்றாண்டின் மத்துவாச்சாரியார். சடங்கு நின்றது; உயிர் தப்பியது. மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க வள்ளலார், சிறுதெய்வங்களின் பெயரால் ஆடும் பன்றியும் கோழியும் பலிக்குக் கொண்டு செல்லப்படுவதைக் கண்டு உள்ளம் நடுங்கியதாகப் பாடியுள்ளார். பாடியதோடு அவர் அமையவில்லை. 1867-இல் வடலூரில் தருமசாலை நிறுவிப் பசித்தோர்க்குச் சோறிட்டார். உயிரிரக்கம் பேசியவர் மனிதரின் பசியை மறக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

ஏனெனில் 2003-ஆம் ஆண்டின் ஆணை மறந்தது அதைத்தான். சிற்றூர்க் கிடாவெட்டு வெறும் குருதிச் சடங்கன்று. பிள்ளைக்கு நோய் தீர்ந்தால் வெட்டுகிறேன் என்ற நேர்ச்சை அதிலுண்டு; பங்காளிகளும் சம்பந்திகளும் ஒரே பந்தியில் உண்ணும் உறவுமுண்டு. ஆகம முறைப்படி இயங்கும் பெருங்கோயில்களில் இவ்வழக்கமே இல்லையாதலின், ஆணையின் பாரம் முழுதும் ஏழை எளியோரின் தெய்வங்கள் மீதே விழுந்தது. எங்கள் தெய்வத்தை மேற்சாதியார் தெய்வமாக்கப் பார்க்கிறார்கள் என்ற மனக்குறை எழுந்தது. 2004 பிப்ரவரியில் சட்டமே நீக்கப்பட்டது.

இங்கே அரபு நாட்டுச் செய்தியொன்று நினைவுக்கு வருகிறது. அறியாமைக் கால அரபியர் ஒட்டகத்தின் தலையீற்றுக் கன்றைத் தம் தெய்வங்களுக்கு அறுத்தனர். அதற்கு ‘ஃபரஉ’ என்று பெயர். ரஜப் மாதத்தில் அறுத்தது ‘அதீரா’. இனி இவையிரண்டும் இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். அங்கே முதலில் மாறியது வணங்குவோரின் நம்பிக்கை. சடங்கு அதன்பின் உதிர்ந்தது. அந்த வரிசை 2003-இல் தலைகீழாயிற்று.

நம் நாட்டுச் சிற்றூர்களிலும் தயக்கம் முளைக்காமல் இல்லை. ஐயனார் சைவப் படையல் கொள்பவர். அவர் அருகிலேயே காவல் நிற்கும் கருப்பருக்குக் கிடா வேண்டும். ஆகவே பல ஊர்களில் வெட்டும் நேரத்தில் ஐயனாரின் முன் ஒரு திரையை இழுத்து மறைக்கிறார்கள். எந்த அரசாணையும் அந்தத் திரையைத் தொங்கவிடச் சொல்லவில்லை.