சுவடி மணமும் புத்தக மணமும்

தமிழ்நாட்டில் நூலின் மணம் காகிதத்துக்கு முந்தியது. ஓலைச்சுவடி வழங்கிய நூற்றாண்டுகளில் மஞ்சளும் மூலிகைச் சாறும் எண்ணெயும் கலந்த வாசனையே நூலின் வாசனை. அது தானாக வந்ததல்ல, சுவடி கெடாமல் இருப்பதற்காக மனிதர் பூசியது. அச்சுப் புத்தகத்தின் மணம் வேறு வகை. முதலில் அது செய்முறையில் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் காகிதம் மெல்லச் சிதைவதால் எழுகிறது.

பனையோலையை நறுக்கி, நரம்பு நீக்கி, நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே எழுத்தாணி பிடிப்பார்கள். எழுத்தாணி கீறிய எழுத்து வெறும் கோடுதான். எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கரியோடு மஞ்சளையும் கோவை இலை, ஊமத்தை இலை போன்றவற்றின் சாற்றையும் குழைத்து ஓலை முழுவதும் தடவித் துடைத்தார்கள். கரி கீறலுக்குள் தங்கி எழுத்தைக் காட்டியது. மஞ்சளும் இலைச்சாறும் பூச்சியை அண்டவிடாமல் தடுத்தன. குழந்தைக்குப் புதுச்சுவடி கொடுத்துப் படிப்பைத் தொடங்கும் சடங்குக்கே மையாடல் என்று பெயர் இருந்தது. ஐந்து வயதில் மையாடிக் கலைகள் கற்ற செய்தி சீவக சிந்தாமணியிலேயே வருகிறது. ஆக, கல்வியின் முதல் நாளிலேயே பிள்ளையின் கையில் மஞ்சளும் கரியும் மணந்தன.

சுவடிக்குப் பகை கறையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும். ஏடு காய்ந்து முறியத் தொடங்கினால் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது இன்றும் நூலகங்களில் உள்ள வழக்கம். ஓலைக்கு நெகிழ்வு திரும்பும். அதன் காரமான வாசனைக்குப் பூச்சியும் ஒதுங்கும். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சிறு துணி முடிச்சுகளாகச் சுவடிகளுக்கிடையே வைக்கும் முறை உண்டு. அஞ்சறைப்பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் இந்தப் பொருள்கள் நூல்களைக் காப்பதில் ஆற்றிய பங்கு பெரிது. ஏடு தேடி அலைந்த பதிப்பாசிரியர்களைப் போற்றும் நாம், ஏட்டுக்குக் காப்பிட்டு வந்த பெயர் தெரியாத கைகளையும் நினைக்க வேண்டும்.

அச்சு வந்தபோது மணமும் மாறியது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர் சீகன்பால்கு, 1713இல் அங்கே தமிழ் அச்சுவேலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பக்கத்திலுள்ள பொறையாறில் காகித ஆலையும் அமைந்தது. அச்சு மையின் அடிப்படை, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கரி. சுவடியில் இருந்த கரி இங்கும் தொடர்ந்தது; மஞ்சளும் இலைச்சாறும் விடைபெற்றன. 1835இல் அச்சகம் வைக்க இந்தியருக்கு இருந்த தடைகள் நீங்கியபின் இந்த எண்ணெய் மை வாசனை சென்னையிலும் பிற ஊர்களிலும் பரவியது. புத்தகக் கட்டடம் செய்வோர் மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள். பூச்சிக்கு எதிரான பழைய அக்கறை பைண்டரின் பசைச் சட்டியில் மிஞ்சியது.

காகிதத்தின் உள்ளேயும் ஒரு மாற்றம் நேர்ந்தது. முற்காலக் காகிதம் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. நன்கு செய்யப்பட்டிருந்தால் பல நூற்றாண்டு தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்க் காகிதம் பெருகியது. அதிலுள்ள லிக்னின் காற்றும் ஒளியும் பட்டுப் பழுப்பாகும். மை பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரம் அமிலத்தை உண்டாக்கி நாரை அரிக்கும். இந்தச் சிதைவில் வெனிலின், ஃபர்ஃபுரால், அசிட்டிக் அமிலம் முதலியவை ஆவியாகின்றன. பழைய புத்தகத்தில் இனிப்பும் வாதுமைச் சாயலும் லேசான புளிப்பும் கலந்து வருவது இதனால்தான். 2009இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மத்தியா ஸ்டிர்லிச்சும் அவர் குழுவினரும், இந்த ஆவிகளை அளந்தே காகிதத்தின் நிலையை அறியலாம் என்று காட்டினர். 2017இல் அவரும் சிசிலியா பெம்பிப்ரேயும் வெளியிட்ட ஆய்வில், பழைய புத்தக வாசனையை முகர்ந்த அருங்காட்சியகப் பார்வையாளர்கள் பலர் அதைச் சாக்லேட், காபி ஆகியவற்றோடு ஒப்பிட்டிருந்தார்கள். வாசகர் ஆசையோடு முகரும் அந்த வாசனை, உண்மையில் புத்தகம் தேய்வதன் வாசனை.

வீடுகளில் பழைய காப்பு முறைகள் வேறு உருவில் நீடித்தன. அலமாரியில் வேப்பிலை, வசம்பு, பின்னர் பாச்சை உருண்டை வந்தன. தாழம்பூ மடலையும் மகிழம்பூவையும் பக்கங்களுக்கிடையே வைத்தவர்கள் உண்டு. புதுப் புத்தகத்தின் மூலைகளில் மஞ்சள் தடவுவதும், சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் இடுவதும் இன்றும் நடக்கின்றன. மூலையில் வைக்கும் மஞ்சளைச் சுவடிக்குப் பூசிய மஞ்சளின் எச்சமாகவே கருதத் தோன்றுகிறது.

பெரும்பாலோருக்கு முதலில் பழகிய புத்தக மணம் சூன் மாதப் பள்ளிப் பாடநூலுடையது. தமிழ்நாடு பாடநூல் நிறுவனம் 1970இல் தொடங்கப்பட்டது. காகிதத்தின் மூலப்பொருளும் மாறியது: 1979இல் உருவாகி 1984இல் உற்பத்தி தொடங்கிய கரூர் மாவட்டக் காகிதபுரம் ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதில் பெயர்பெற்றது. அச்சுக்கோத்தல் போய் ஆஃப்செட் வந்ததும் மையும் பசையும் மாறின. புதுநூலின் வாசனை முன்னைவிடக் கூர்மையானது அவற்றிலுள்ள வேதிப்பொருள்களால்தான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், நொறுங்கும் நிலையிலிருந்த அச்சு நூல்களை நுண்படமாக்கிக் காத்து வருகிறது. வீட்டில் தாத்தா காலத்துப் புத்தகம் இருந்து, அதில் காடி போன்ற புளிப்பு வாடை கூடியிருந்தால், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் காற்றோட்டமுள்ள உலர்ந்த நிழலில் வையுங்கள். அரிய நூலென்று தோன்றினால் தாமதிக்காமல் ஒரு நூலகத்தில் காட்டுங்கள்.