நாப்பைத் திருகினா 1942

போன வாரம் திண்டுக்கல் வீட்டுல என் ஹாம் ரேடியோ செட்டோட டியூனிங் நாப்பை மாத்தினேன். பழசு ரொம்ப சின்னது. 40 மீட்டர் பேண்ட்ல ஒருத்தர் பேச சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் போதும். விரல் நூலளவு அசைஞ்சாலும் குரல் கீச்சுன்னு மாறிடும். பெரிய நாப்ல அதே கோணத்துக்கு விரல் கூடுதல் தூரம் நகரும். சூட்சுமம் அவ்வளவுதான்! 6 மில்லிமீட்டர் தண்டு, பக்கத்துல குட்டி திருகு. ரெண்டு நிமிஷ வேலை.

புது நாப்பை மெல்லத் திருப்பி 7.08 மெகாஹெர்ட்ஸ்ல நிறுத்தினேன். அலைநீளக் கணக்குல அது கிட்டத்தட்ட 42.34 மீட்டர். பம்பாயில் ரகசியமா இயங்கின காங்கிரஸ் ரேடியோ தன்னோடதுன்னு அறிவிச்ச அலைநீளம் அதுதான்.

1939-ல் போர் தொடங்கியதும் ஆங்கிலேய அரசு ஹாம் உரிமங்களை ரத்து செஞ்சு, கருவிகளையும் வாங்கி வச்சுக்கிட்டது. அந்தக் காலத்துல, 1942 ஆகஸ்ட்ல, 22 வயசு உஷா மேத்தாவும் நண்பர்களும் ஒலிபரப்பத் தொடங்கினாங்க. டிரான்ஸ்மிட்டர் வேலையைப் பார்த்தவர் நாரிமன் பிரிண்டர். பிடிபடாம இருக்க வீடு வீடா மாறினாங்க. ஆப், நோட்டிஃபிகேஷன் எதுவும் கிடையாது. கேட்கிறவர் இருட்டுல நாப்பைத் திருகித் தேடணும். போலீஸும் அதே அலையைத்தான் தேடிக்கிட்டிருந்தது.

நவம்பர் 12 அன்னைக்குப் பிடிபட்டாங்க. காட்டிக்கொடுத்தவர் பிரிண்டர்தான்! உஷாவுக்கு 4 வருஷம் சிறை; 1946-லதான் வெளியே வந்தாங்க.