கருக்குழாய்ச் சத்திரசிகிச்சையும் மலட்டுப் பழியும்: ஒரு வரலாற்று நோக்கு

பிள்ளையின்மைக்கான பழியைப் பெண்ணின்மீதே சுமத்துதல் ஆணாதிக்கச் சமுதாயங்கள் பலவற்றுக்கும் பொதுவான வழக்கம். அப்பழிக்குரிய நோயை ஆராயப் புகுந்த மேனாட்டு மருத்துவமும் அவ்வழக்கத்திலிருந்து எளிதில் விடுபடவில்லை. பலோப்பியன் குழாய்ச் சிகிச்சையின் வரலாற்றை இந்நோக்கிலேயே அணுகுகிறோம்.

இத்தாலியின் பதுவாவில் உடற்கூற்றியல் கற்பித்த கபிரியேலே பலோப்பியோ, 1561இல் வெளியான தமது நூலில் இக்குழாய்களை எக்காளத்துக்கு ஒப்பிட்டு விவரித்தார். அவற்றின் தொழில் அப்போது விளங்கவில்லை. 1827இல் வொன் பெயர் பாலூட்டிகளின் சூல்முட்டையைக் கண்டறிந்த பின்னரே அது தெளிவாகத் தொடங்கிற்று.

1872இல் நியூயோர்க் வைத்தியர் எமில் நொகெறாத், குணமடைந்ததாகக் கருதப்பட்ட கணவனிடம் மறைந்திருக்கும் கொனோரியாவே மனைவியரிற் பலரை மலடாக்குகிறது என வாதிட்டார். சக வைத்தியர்கள் பலர் இதனை ஏற்க மறுத்தனர். 1879இல் நைசர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தமை அவரது கூற்றுக்கு வலுவூட்டிற்று. மறுப்புக்குச் சான்றின்மை மட்டுமே காரணமன்று; மதிப்புமிக்க கணவன்மாரை நோய்காவிகளாகக் காண அச்சமூகம் ஆயத்தமாயிருக்கவில்லை என்றே கருதுகிறோம்.

1920இல் இசிடோர் றூபின், கருப்பையினூடாக வாயுவைச் செலுத்தி, வயிற்றைக் கீறாமலே குழாயடைப்பை அறியும் முறையை வெளியிட்டார். ஆயினும் வெறுங்கண்ணாற் பார்த்துச் செய்த சத்திரசிகிச்சைகள் சொற்ப பலனையே தந்தன. திறந்த குழாய் ஒட்டி மீண்டும் அடைபட்டது. 1970களில் வன்கூவரில் விக்ரர் கோமெல், இலண்டனில் றொபேட் வின்ஸ்ரன் ஆகியோர் நுணுக்குக்காட்டியின் துணையுடன் நுண்சத்திரசிகிச்சையை வளர்த்தனர். கருத்தடைக்காகத் துண்டிக்கப்பட்ட குழாயை மீள இணைப்பதில் அது நல்ல பலன் தந்தது. அக்குழாயின் உட்படலம் பழுதுபடாதது. கிருமி சிதைத்த குழாயிலோ அடைப்பு நீங்கினாலும், முட்டையை நகர்த்தும் பிசிர்கள் பழைய நிலைக்கு மீள்வதரிது. கரு குழாயிலேயே தங்கித் தாயின் உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு.

1978 யூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் லூயிஸ் பிறவுண் பிறந்தாள். அவளது தாயின் குழாய்கள் அடைபட்டிருந்தன. ஸ்டெப்ரோ, எட்வேட்ஸ், ஜீன் பேர்டி ஆகிய மூவரும் அக்குழாய்களைத் தவிர்த்து, உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்தனர். எனினும் சத்திரசிகிச்சையின் தேவை முற்றாக மறையவில்லை. நீர் கோத்து வீங்கிய குழாயை முன்னரே அகற்றினால் இம்முறையின் வெற்றி கூடும் என 1999இல் ஸ்கண்டினேவிய ஆய்வொன்று காட்டிற்று. திருத்தப் புறப்பட்ட கத்தி, இத்தகைய நிலையில் அகற்றும் கத்தியாயிற்று.

இவ்வரலாறு கைத்திறனின் வெற்றிக்கதை மட்டுமன்று. கொனோரியா, கிளமிடியா, காசநோய், பாதுகாப்பற்ற கருக்கலைப்பின் பின்வரும் தொற்று என்பன குழாயைச் சிதைக்கின்றன. காலத்தோடு கண்டறியின் இவை மருந்துக்குக் கட்டுப்படுபவை. விலையுயர்ந்த ஆய்வுகூடம் ஏழைப் பெண்ணுக்கு எட்டாதது. கணவன், மனைவி இருவரையும் ஒருங்கே பரிசோதித்துத் தொற்றைத் தடுக்கும் பொதுச் சுகாதாரமே அவளுக்கு முதலிற் கிடைக்கவேண்டிய சிகிச்சை. நொகெறாத் கணவனைச் சுட்டி நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பழி இன்னும் முற்றாக இடம்பெயரவில்லை.