கழனிச் சேற்றின் வளிகள்: ஒரு பகுப்பாய்வு வெளியீட்டின் வரலாறு

சோழவள நாட்டின் நன்செய்களில் இறங்கி நடந்தோர், காலைச் சேற்றில் ஊன்றுந்தோறும் குமிழிகள் மேலெழுந்து உடைவதைக் கண்டிருப்பர். சதுப்பு நிலங்களில் இரவில் தோன்றும் ஒளியைக் ‘கொள்ளிவாய்ப் பேய்’ எனக் கூறி நாட்டுமக்கள் அஞ்சினர். சேற்றில் அழுகும் தாவரப் பொருளினின்று எழும் எரிவளியோடு அவ்வொளியைத் தொடர்புபடுத்துவர் அறிவியலார். இத்தாலியரான வோல்ட்டா 1776இல் ஏரிச் சேற்றினின்று இவ்வளியைப் பிரித்தெடுத்தார். நெற்கழனியின் குமிழியில் யாது உளது என்னும் வினாவுக்கு அளந்து விடை கண்டு, அவ்விடையை அச்சேற்றிய பணி தமிழகத்தில் நிகழ்ந்தது. அதன் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

பகுப்பாய்வு வேதியியலுக்கெனத் தனி இதழ் செருமனியில் பிரசீனியசு என்பவரால் 1862இல் தொடங்கப்பெற்றது. இங்கிலாந்தில் ‘அனலிசுட்டு’ என்னும் இதழ் 1876இல் தோன்றியது. இந்திய வேதியியற் கழகம் நிறுவப்பெற்றதோ 1924இல்தான். அதற்கு முன் இந்நாட்டு ஆய்வாளர் அயல்நாட்டு இதழ்களையும், கல்கத்தா ஆசியக் கழகத்தின் இதழையும், அரசுத்துறை வெளியீடுகளையுமே பெரிதும் சார்ந்திருந்தனர். பீகாரில் பூசா என்னுமிடத்தில் 1905இல் நிறுவப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தோடு தொடர்புடைய ‘இந்திய வேளாண்மைத் துறை ஆய்வேடுகள்’ அத்தகையவற்றுள் ஒன்று. அதன் வேதியியல் வரிசையில்தான் கோயம்புத்தூரிலிருந்து எழுதப்பெற்ற ‘சதுப்பு நெல் மண்ணின் வளிகள்’ என்னும் கட்டுரைத் தொடர் வெளிவந்தது.

ஆசிரியர் இருவர். ஒருவர் சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலாராக இருந்த டபிள்யூ. எச். ஆரிசன், மற்றவர் அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயர். முதற் கட்டுரை 1913இலும், இரண்டாவது 1914இலும் வெளிவந்தன. மண்ணிலுள்ள நைட்ரசன் வளியின் பிறப்பிடம் பற்றிய நான்காவது 1916இல் வெளிவந்தது. மீத்தேனை உண்டு வாழும் நுண்ணுயிர் பற்றிய ஐந்தாவது கட்டுரை 1920இல் வெளிவந்தபோது, அதன் தலைப்பில் சுப்பிரமணிய ஐயர் பெயர் மட்டுமே நின்றது. அயலவர் தலைமையில் இயங்கிய துறைகளில் இந்தியரின் உழைப்பு நன்றியுரையோடு அமைந்துவிடுதல் அரிதன்று. ஆகலின் ஓர் இந்தியர் பெயர் முதலில் இணைந்தும் பின்னர்த் தனித்தும் அச்சேறியமை நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்காலத்து வளிப் பகுப்பாய்வு முறை எளியதெனினும் நுட்பமானது. வளியைப் பாதரசத்தின் மீதோ நீரின் மீதோ அளவுகுழாயில் அடைத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சச் செய்வர். கரியமிலவாயுவைப் பொட்டாசுக் கரைசல் உறிஞ்சும். உயிர்வளியைக் காரங்கலந்த பைரோகாலால் உறிஞ்சும். ஐட்ரசனையும் மீத்தேனையும் உயிர்வளியோடு கலந்து எரித்து, கன அளவு குறைவதையும் பிறக்கும் கரியமிலவாயுவையும் கொண்டு கணிப்பர். எஞ்சுவது நைட்ரசன் எனப்படும். முன்னைய அளவைகளில் நேர்ந்த பிழையெல்லாம் இவ்வெச்சத்தில் வந்து தங்கும். ஆகலின் நைட்ரசனுக்கெனத் தனிக் கட்டுரை எழுந்தமை பொருத்தமே எனலாம்.

அவர்தம் முடிபுகளுள் தலையாயவை இரண்டு. சேற்றின் உள்ளே மீத்தேனும் நைட்ரசனும் மிகுந்தும், கரியமிலவாயுவும் ஐட்ரசனும் குறைந்தும் காணப்பட்டன என்பது ஒன்று. மண்ணின் மேற்பரப்பில் படரும் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த மெல்லிய படலம், மேலெழும் மீத்தேனையும் ஐட்ரசனையும் மாற்றி, ஈற்றில் உயிர்வளியை விடுக்கின்றது என்பது மற்றொன்று. தழையுரம் இட்ட வயலில் வளி பெருகுவதால் படலத்தின் செயலும் பெருகி, வேர்களுக்கு உயிர்வளி மிகும் என அவர்கள் கருதினர். கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் சேற்றில் மிதித்து நடும் தஞ்சை உழவரின் வழக்கத்திற்கு வேதியியல் விளக்கம் காண முயன்ற முயற்சி இது.

இவ்விளக்கம் முழுமையும் நிலைக்கவில்லை. நெல்லின் வேர் தனக்கு வேண்டும் உயிர்வளியைப் பெரிதும் இலை, தண்டு ஆகியவற்றின் உட்புழைகள் வழியாகவே பெறுகின்றது எனச் சாவகத்தில் ஆய்ந்த வான் ரால்ட்டே முதலிய பிற்காலத்தார் காட்டினர். எனினும் மேற்பரப்பில் மீத்தேன் சிதைவுறுகின்றது என்னும் உண்மை மாறவில்லை. கருத்து திருத்தம் பெற்றது, அளவை நின்றது. முறையும் எண்ணும் அச்சில் இருந்தமையாலன்றோ பிறர் அவற்றைச் சோதித்து, கொள்ளுவன கொள்ளவும் தள்ளுவன தள்ளவும் இயன்றது! ஆய்வை வெளியிடுவதன் பயன் இதுவே என்க.

இதன் இன்றியமையாமை பின்னர் ஒருமுறை நன்கு விளங்கிற்று. மீத்தேன் புவியை வெப்பமுறச் செய்யும் வளி என்று உணரப்பட்டபின், நெல் விளையும் நாடுகள்மீது உலகின் நோக்குத் திரும்பியது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 70 இலட்சம் டன்னுக்கு மேல் மீத்தேன் விடுக்கின்றன என அமெரிக்கச் சூழல் காப்பு முகமை மதிப்பிட்டது. புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் முன்னின்று 1991இல் பல மாநில வயல்களில் நேரில் அளந்தபோது, ஏறத்தாழ 40 இலட்சம் டன்னே எனத் தெரிந்தது. ஒன்பது மடங்கு வேறுபாடு! பிறநாட்டு எண்களைக் கொண்டு நம் வயலைக் கணித்தல் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நம் வயலில் நாமே அளந்து வெளியிடாவிடின், பிறர் கூறும் எண்ணே நமக்குரிய வழக்காகிவிடும்.

இன்று ‘மீத்தேன்’ என்னும் சொல்லைக் காவிரிப் படுகையில் அறியாதார் இல்லை. ஆயினும் அவர்கள் அறிந்தது நிலக்கரிப் படுகையினின்று அவ்வளியை எடுக்கும் திட்டத்தையும், அதற்கெதிரான போராட்டத்தையும், 2020இல் இயற்றப்பெற்ற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தையுமே. தம் கால்கீழ்ச் சேற்றில் பிறக்கும் மீத்தேன் வேறு. பாறையடுக்கில் அடைபட்டது வேறு. இவ்வேறுபாட்டை உழவர் தெளிய வேண்டுமாயின், ஆய்வுகள் ஆங்கில ஏடுகளில் மட்டும் அமைதல் போதாது. ஆடுதுறையில் 1922 முதல் நெல்லாராய்ச்சி நிகழ்ந்துவருகின்றது. அத்தகைய இடங்களில் பெறப்படும் அளவைகள், முறையும் எண்ணும் குன்றாமல், தமிழிலும் வெளிவருதல் வேண்டும். குறுவையும் சம்பாவும் விளைவிப்போர் தம் கழனியைப் பற்றிய எண்ணைத் தம் மொழியில் படித்து, ‘இது பொருந்தும், இது பொருந்தாது’ என உரைக்கும் நிலை எய்தும்போதே, கோயம்புத்தூரில் தொடங்கிய அப்பணி நிறைவுறும்.